ரோஸ் நாடாவில் எழுதிய பெயர்கள்: ஹைட்டி 2010, ஒரு நிகழ்வு ஆய்வு

2010 ஜனவரி 29, வெள்ளிக்கிழமை. கரீபியன் நாடான ஹைட்டியை நிலநடுக்கம் சிதைத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. ஹைட்டிக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் நடுவே உள்ள மால்பாஸ் எல்லைச் சாவடியில் ஒரு பஸ்ஸைப் போலீசார் நிறுத்தினார்கள். உள்ளே 33 குழந்தைகள். எல்லோரிலும் சிறிய குழந்தைக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, மூத்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. சட்டைகளில் ரோஸ் நிற நாடா ஒட்டி, அதில் பெயர் எழுதியிருந்தது. அவர்களை அழைத்துப் போனவர்கள் பத்து அமெரிக்கர்கள். ஐடஹோ மாநிலத்துத் தேவாலயங்களோடு தொடர்புள்ளவர்கள். பேரழிவில் தவிக்கும் அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றி, டொமினிக்கன் கடற்கரை ஊரான கபரேட்டேயில் வாடகைக்குப் பிடித்த ஓட்டலில் வைத்துப் பராமரிக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒரு குழந்தையைக்கூட நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அவர்களிடம் அனுமதிப் பத்திரம் இல்லை.

குழந்தைகளைத் தலைநகருக்கு வெளியே உள்ள எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமத்தில் ஒப்படைத்தார்கள். கைக்குழந்தைக்கு உடலில் நீர் வற்றியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தான் அநாதை இல்லை என்றும், தனக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள் என்றும் சொல்லி அழுதாள். விடுமுறை முகாமுக்கோ உறைவிடப் பள்ளிக்கோ போகிறோம் என்று அவள் நினைத்திருந்தாள். விசாரித்தபோது, 33 பேரில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ, பலருக்கு இருவருமே, உயிரோடு இருப்பது தெரிந்தது.

இந்த நிகழ்வை நல்லவர், கெட்டவர் கதையாக உலகப் பத்திரிகைகள் பல வாரம் எழுதின. பத்துப் பேர் கடத்தல்காரர்களா, அப்பாவிகளா என்பதே கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. நெருக்கடிக் காலக் குழந்தைப் பாதுகாப்பில் வேலை செய்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்தப் பஸ் எப்படிப் புறப்பட முடிந்தது? புறப்பட்டது எப்படி நின்றது? ஒருங்கிணைப்பு என்று நாம் பேசுவது முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

நிலநடுக்கத்துக்கு முன்பே பிரிந்தவர்கள்

ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை மாலை 4.53 மணிக்கு நிலம் அதிர்ந்தது. நிலநடுக்கத்தின் அளவு 7.0. மையம் லெயோகான் நகருக்கு அருகே, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் மேற்கே. இறந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று அரசு அறிவித்தது. அந்த எண்ணைப் பற்றி இன்றும் தகராறு உண்டு. வீடிழந்து முகாம்களில் தங்கியவர்கள் 15 லட்சம் பேர். ஏறக்குறைய 6 லட்சம் பேர் தலைநகரை விட்டுச் சொந்த ஊர்களுக்குப் போனார்கள். நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கு அருகில் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள்.

ஆனால் குழந்தைகள் குடும்பத்தைப் பிரிந்து வாழ்வது அந்த மாலை தொடங்கியதல்ல. ஹைட்டியில் பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் தனியார் பள்ளிகள். கட்டணம் கட்டினால்தான் படிப்பு. மலைக்கிராமத்தில் ஐந்து பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு பிள்ளையையாவது பள்ளிக்கு அனுப்ப இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நகரத்தில் உள்ள தூரத்து உறவினர் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ விடுவது. அந்தப் பிள்ளை தண்ணீர் சுமக்கும், பாத்திரம் கழுவும், வீடு பெருக்கும்; கொடுத்துவைத்திருந்தால் பள்ளிக்கும் போகும். இப்படி வாழும் குழந்தைகளை ‘ரெஸ்தாவெக்’ என்பார்கள். ‘உடன் தங்குவது’ என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்த பெயர். அவர்களின் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல், மூன்று லட்சம் வரை இருக்கலாம் என்று வெவ்வேறு மதிப்பீடுகள். இரண்டாவது வழி, பிள்ளையை ‘இல்லத்தில்’ சேர்ப்பது.

இல்லம் என்றால் பெயர்ப்பலகையில் அநாதை இல்லம். நடைமுறையில் ஏழைகளின் விடுதி. பின்னாளில் அரசின் கணக்கெடுப்பு நடந்தபோது 750-ஐ ஒட்டிய இல்லங்களில் சுமார் 30,000 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். உரிமம் பெற்ற இல்லங்கள் மிகக் குறைவு. தகப்பன் குடித்தே அழிந்த வீட்டுப் பிள்ளையையும், தாய் கூலிக்கு வெளியூர் போன வீட்டுப் பிள்ளையையும் ‘ஹோமில்’ சேர்ப்பதைப் பார்த்திருக்கும் நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. சேர்க்கும் தாய் பிள்ளையைத் துறந்துவிட்டதாக நினைப்பதில்லை. படிக்கப் போட்டிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறாள். ஆனால் அந்த இல்லத்துக்கு வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க வருகிறவர்களின் காகிதத்தில் அதே பிள்ளை அநாதை.

இவற்றை மேற்பார்க்க வேண்டிய அரசு அலுவலகம் சமூக நலன் மற்றும் ஆய்வு நிறுவனம். பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘இபெஸ்ர்’ என்று அழைப்பார்கள். தத்துக்கும் இல்ல உரிமங்களுக்கும் அதுவே பொறுப்பு. நல்ல நாளிலேயே ஆளும் வண்டியும் இல்லாத அலுவலகம். போலீசில் சிறார் பாதுகாப்புப் பிரிவு ஒன்று இருந்தது, அதுவும் சிறியது. நிலநடுக்கம் வந்தபோது ஹைட்டி அரசின் குழந்தைப் பாதுகாப்பு என்பது இந்த இரண்டு மெலிந்த கரங்கள்தான்.

ஓர் எண் ஊதிப் பெருத்த கதை

நிலநடுக்கத்துக்கு முன் ஹைட்டியில் 3,80,000 அநாதைக் குழந்தைகள் இருந்ததாக யூனிசெஃப் கணக்கு ஒன்று செய்திகளில் சுற்றியது. யூனிசெஃப் கணக்கில் அநாதை என்றால் பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த குழந்தை. தந்தை இறந்து தாயோடு வாழும் பிள்ளையும் அதில் சேர்த்தி. புள்ளியியலுக்கு இந்த வரையறை பயன்படும். தொலைக்காட்சியில் அது வேறு பொருள் கொள்கிறது. கேட்பவர் மனதில் அநாதை என்றால் நாதியற்றது; தூக்கிக்கொண்டு போக யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சில நாட்களிலேயே பத்து லட்சம் அநாதைகள் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. யார் எண்ணினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இந்தத் துறையில் பணியாற்றுபவர்கள் அந்தச் சொல்லையே தவிர்க்கப் பார்ப்பார்கள். பெற்றோரோடும் உறவினரோடும் இல்லாமல், பொறுப்பான பெரியவர் யாருமின்றித் தனித்து நிற்பவர் ‘துணையற்ற குழந்தை’. பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடமோ சித்தப்பாவிடமோ இருப்பவர் ‘பிரிந்த குழந்தை’. 2004-இல் செஞ்சிலுவைச் சங்கம், யூனிசெஃப், ஐ.நா. அகதிகள் ஆணையம், சேவ் த சில்ட்ரன், வேர்ல்டு விஷன் உள்ளிட்டவை சேர்ந்து ஒப்புக்கொண்ட வழிகாட்டு நெறிகளில் இந்தப் பகுப்பு இருக்கிறது. தேடிப் பார்த்து முடியும்வரை யாரையும் அநாதை என்று முடிவு கட்டக் கூடாது என்பது அதன் சாரம். வெறும் சொல் சுத்தம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அநாதை என்று எழுதினால் அடுத்த கட்டம் தத்து. பிரிந்த குழந்தை என்று எழுதினால் அடுத்த கட்டம் தேடல். ஒரே பிள்ளை, எழுதுகிறவர் கையில் இரண்டு எதிர்காலங்கள்.

இதே பாடம் ஹைட்டிக்கு ஐந்தாண்டுகள் முன்னர் நம் கரைகளில் படிக்கப்பட்டதுதான். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் இந்தோனேசியா, அச்சே மாகாணத்துச் சிறார்களை வெளியே கொண்டுபோகத் தடை விதித்தது. இலங்கை சுனாமியில் பாதிக்கப்பட்ட குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியது. கல்முனை மருத்துவமனையில் 81-ஆவது நோயாளியாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையை நினைவிருக்கும். ஒன்பது தம்பதிகள் உரிமை கோருகிறார்கள் என்று உலகமே பேசியது. முறைப்படி உரிமை கோரியவர்கள் ஒரே தம்பதிதான் என்பது பிறகு தெளிவானது. மரபணுச் சோதனைக்குப் பின், 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் குழந்தையை அவர்களிடம் சேர்த்தது. பெற்றவளுக்கே பிள்ளையைக் கொடுக்க ஏழு வாரம் ஆனதைக் கொடுமை என்று அப்போது பலரும் எழுதினார்கள். அந்தத் தாயின் வேதனையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வதந்தி ஒன்பது என்று சொல்லும் நேரத்தில் சரிபார்க்காமல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

2007 அக்டோபரில் சாட் நாட்டில் நடந்தது ஹைட்டிக்கு நேரடி ஒத்திகை. பிரெஞ்சு அமைப்பு ஒன்று 103 குழந்தைகளைப் பக்கத்து நாடான சூடானின் டார்ஃபூர் அநாதைகள் என்று சொல்லி அபெஷே நகரிலிருந்து விமானத்தில் ஏற்ற முயன்றபோது பிடிபட்டது. குழந்தைகளில் பெரும்பாலோர் சாட் நாட்டுக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள், குடும்பம் உள்ளவர்கள். அங்கேயும் பெற்றோரிடம் பேசப்பட்டது பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான்.

முள்வேலிக்கு உள்ளே

பல அமைப்புகள் ஒரே பேரிடரில் குவியும்போது துறை வாரியாகக் குழு அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு நிறுவனம் வைப்பதுதான் ஐ.நா.வின் ‘கிளஸ்டர்’ முறை. 2005-இல் கொண்டுவரப்பட்டது, அந்த ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. ‘பாதுகாப்பு’ என்ற பெரிய கிளஸ்டருக்குள் குழந்தைப் பாதுகாப்பு ஓர் உட்குழு. அதற்கு உலக அளவில் யூனிசெஃப் பொறுப்பு. ஹைட்டியில் பாதுகாப்புக் கிளஸ்டரை ஐ.நா. மனித உரிமை அலுவலகமும், குழந்தைப் பாதுகாப்பு உட்குழுவை இபெஸ்ருடன் சேர்ந்து யூனிசெஃபும் நடத்தின.

நடத்தியவர்களே இடிபாட்டிலிருந்து எழுந்து வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஐ.நா. தூதுக்குழு தலைமையகம் இயங்கிய கிறிஸ்டோபர் ஓட்டல் சரிந்து, தூதுக்குழுத் தலைவர் ஹெதி அன்னாபி உட்பட ஐ.நா. ஊழியர் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். யூனிசெஃப் அலுவலகம் சேதமடைந்தது. அரசு அமைச்சகங்கள் பலவும் இடிந்தன. வேலை முழுவதும் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. தளவாட முகாமுக்கு, எல்லோரும் ‘லாக்பேஸ்’ என்று சொன்ன இடத்துக்கு, நகர்ந்தது. கூடாரத்திலும் கன்டெய்னரிலும் கூட்டங்கள்.

லாக்பேஸ் பாதுகாப்பான இடம். அதுவே அதன் கேடும். வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். நேற்று விமானத்தில் இறங்கிய வெளிநாட்டு அமைப்பின் ஊழியருக்கு அட்டை இருந்தது. பதினைந்து வருடமாக ரெஸ்தாவெக் குழந்தைகளோடு வேலை செய்த உள்ளூர்க்காரர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். உள்ளே போனாலும் முதல் வாரங்களில் பல கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. நாட்டின் ஆட்சிமொழிகள் பிரெஞ்சும் கிரியோலும். அந்த ஆண்டு வந்த மதிப்பாய்வுகள் எல்லாக் கிளஸ்டர்கள் மீதும் இந்தக் குற்றச்சாட்டை வைத்தன. சுகாதாரத்திலோ கூடாரம் வழங்குவதிலோ உள்ளூர் ஆட்கள் இல்லாவிட்டால் வேலை தாமதப்படும், வீணாகும். குழந்தைப் பாதுகாப்பில் அவர்கள் இல்லாவிட்டால் வேலையே இல்லை. எந்தத் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பாதிரியார் எந்த இல்லத்துக்குப் பிள்ளைகளைச் சேர்த்துக் கொடுக்கிறார் என்பது அடையாள அட்டைக்காரருக்குத் தெரியாது. பஸ்ஸில் இருந்த பிள்ளைகளில் பெரும் பகுதியினரின் ஊரான கல்பாஸ் மலைக்கிராமத்தில் வெளிநாட்டார் வந்து பிள்ளைகளைக் கேட்கிறார்கள் என்ற செய்தி லாக்பேஸ் கூடாரத்தை எட்ட ஒரு வழியும் இருக்கவில்லை. பஸ் எப்படிப் புறப்பட முடிந்தது என்ற கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான்.

இன்னொரு சிக்கல், ஒருங்கிணைப்பாளர் யாருக்கு வேலை செய்கிறார் என்பது. அதே ஆள் தன் நிறுவனத்தின் திட்டத்தையும் நடத்தி, எல்லாருடைய கூட்டத்தையும் நடத்தினால், நன்கொடைப் பணம் பிரியும் மேசையில் அவரை மற்றவர்கள் நடுவராக ஏற்பதில்லை. இதை வீம்பு என்று சொல்லிவிடலாம். அனுபவம் என்றும் சொல்லலாம். வேறு திட்டப்பொறுப்பு எதுவும் இல்லாத ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்று பிற்கால வழிகாட்டிகள் வலியுறுத்துவது இதனால்தான். 2012-இல் வெளிவந்த குழந்தைப் பாதுகாப்புக் குறைந்தபட்சத் தரங்கள் இருபத்தாறில் முதலாவதே ஒருங்கிணைப்பு.

கூடார முகாம்களில் விளையாட்டு இடங்கள் அமைத்தது, உளவியல் ஆதரவு தந்தது போன்ற பணிகள் நடந்தன. அவற்றில் ஒருங்கிணைப்பு என்றால் யார் எந்த முகாம் என்ற பங்கீடு. அது ஓரளவு ஒழுங்காக நடந்தது. சிக்கல் எல்லாம் பதிவில்.

ஒரே படிவம்

ஒரு குழந்தை தனியாகக் கிடைத்தால் முதல் வேலை எழுதுவது. எழுதுவதில்தான் ஒருங்கிணைப்பு தோற்கும், அல்லது ஜெயிக்கும். முதல் வாரத்தில் மருத்துவமனை ஒரு பட்டியல் வைத்திருந்தது, தேவாலயம் ஒன்று, ராணுவ மருத்துவர்கள் ஒன்று, இல்லங்கள் ஒவ்வொன்றும் ஒன்று. காயம்பட்ட குழந்தையை அவசரமாக வேறு மருத்துவமனைக்கோ, கரைக்கு அப்பால் நின்ற மருத்துவக் கப்பலுக்கோ, வெளிநாட்டுக்கோ மாற்றினார்கள். உயிரைக் காப்பாற்றவே மாற்றினார்கள். ஆனால் தாய் மறுநாள் வந்து கட்டிலைப் பார்த்தால் பிள்ளை இல்லை. எங்கே என்று சொல்ல ஆளும் இல்லை. மருத்துவமனைகளிலிருந்து சுமார் 15 குழந்தைகள் குடும்பத்தார் அல்லாதவர்களோடு போய்விட்டதாக யூனிசெஃப் ஜனவரி கடைசியில் சொன்னது. நிலநடுக்கம் பிரிக்காத குழந்தைகளை உதவி பிரித்த சங்கதி இது.

குடும்பம் தேடும் பணிக்கு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து தனிக்குழு அமைத்தன. சேவ் த சில்ட்ரன் முன்னின்றது. எல்லோருக்கும் ஒரே பதிவுப் படிவம், ஒரே எண் வரிசை, ஒரே தரவுத்தளம், மக்கள் அழைக்கத் தொலைபேசி மையம். கேட்க எளிது. ஒவ்வோர் அமைப்பும் தன் படிவமே சிறந்தது என்று நம்பும், தன் கணக்கைத் தன் நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கும் இடத்தில் இதை ஒப்புக்கொள்ள வைப்பது பெரும்பாடு.

படிவத்தில் என்ன கேட்பது என்பதே ஒரு கலை. நான்கு வயதுப் பிள்ளையிடம் அம்மா பெயர் என்ன என்றால் அம்மா என்றுதான் சொல்லும். அதனால் வேறு வழியில் போவார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கும்? தண்ணீர் எங்கே பிடிப்பீர்கள்? அம்மா சந்தையில் என்ன விற்பாள்? கோயிலில் பாடுவது யார்? உன்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்? செல்லப்பெயர் தெரிந்தால் தெருவே அடையாளம் காட்டும். பள்ளிப் பதிவேட்டுப் பெயர் சொன்னால் தாயே ஒரு நொடி தயங்குவாள்.

உரிமை கோரி ஒருவர் வந்தால், பிள்ளையிடம் கேட்டதையே அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். இரு பதில்களும் பொருந்த வேண்டும். பிள்ளைக்குப் போக விருப்பமா என்று பார்க்க வேண்டும். சேர்த்த பின் சில வாரம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும். இத்தனையும் முடிந்தால்தான் அது மீள்சேர்ப்பு. கட்டிப்பிடித்து அழும் புகைப்படத்தோடு முடிந்தால் அது செய்தி.

இணையமும் அந்த நாட்களில் புதிதாக நுழைந்தது. காணாமல் போனவர்களைத் தேட கூகுள் உருவாக்கிய ‘பெர்சன் ஃபைண்டர்’ ஹைட்டியில்தான் முதலில் வந்தது. பெரியவர்களைத் தேட அது நல்ல கருவி. தனியாக நிற்கும் ஏழு வயதுச் சிறுமியின் படம், பெயர், தங்கியிருக்கும் முகாம் மூன்றையும் ஒரே இடத்தில் போடுவது, அவளைத் தேடும் தாய்க்கும் உதவும். வேறு யாருக்கும் உதவும். குழந்தைகளின் விவரத்தைப் பொதுவில் போடாமல், கேட்டு வருபவரைச் சரிபார்த்த பிறகே சொல்வது என்ற பழைய நடைமுறை இங்கே பிற்போக்காகத் தோன்றலாம். நான் அதன் பக்கம்.

முதலாண்டு முடிவில் பதிவானவர்கள் 4,948 பேர் என்றும், குடும்பத்தோடு சேர்ந்தவர்கள் 1,265 பேர் என்றும் யூனிசெஃப் அறிவித்தது. நான்கில் ஒரு பங்குதானா என்று கேட்கத் தோன்றும். எண்ணைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை. நிலநடுக்கத்தில் பிரிந்தவர்களில் பலரை அக்கம்பக்கத்தாரும் உறவினரும் எந்தப் படிவமும் இல்லாமல் முதல் நாட்களிலேயே வீடு சேர்த்துவிட்டார்கள். படிவத்துக்கு வந்தவர்களில் பெரும் பகுதி ஏற்கெனவே பிரிந்திருந்தவர்கள்: எஜமானர் வீடு இடிந்ததால் தெருவுக்கு வந்த ரெஸ்தாவெக் சிறுமி, இல்லம் சரிந்ததால் வெளியே நின்ற பையன். அவர்களின் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் எந்தக் காரணத்துக்காக வீட்டை விட்டு அனுப்பினார்களோ அது அங்கேயே நிற்கிறது. ஒரு மூட்டை அரிசியும் பள்ளிக் கட்டணமும் இல்லாமல் பிள்ளையை மட்டும் வாசலில் கொண்டுபோய் விட்டால், மறுமாதம் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தேடும் குழுவின் கூட்டத்தில் உணவும் பணமும் தருகிறவர்கள் உட்காரவில்லை. அவர்களுக்கு வேறு கிளஸ்டர், வேறு கூடாரம்.

முந்திக்கொண்ட விமானங்கள்

எல்லைச் சாவடி பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் அதற்குப் பத்து நாள் முன் பறந்த விமானங்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஜனவரி 18-இல் அமெரிக்கா, தத்து நடைமுறை ஏற்கெனவே தொடங்கியிருந்த குழந்தைகளை மனிதாபிமான அனுமதியில் உடனே வரவிடுவதாக அறிவித்தது. அடுத்த நாளே பென்சில்வேனியா மாநில ஆளுநர் நேரில் வந்து ஓர் இல்லத்தின் ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிட்ஸ்பர்க் அழைத்துப் போனார். அவர்களில் 12 பேரை எந்தக் குடும்பமும் தத்துக் கேட்டிருக்கவில்லை. அவர்கள் மாதக்கணக்கில் அமெரிக்கக் காப்பகத்தில் இருந்தார்கள். நெதர்லாந்து நூற்றுச் சொச்சம் பேரைக் கொண்டுபோனது. மயாமியில் உள்ள கத்தோலிக்கத் திருச்சபை, 1960-களின் தொடக்கத்தில் கியூபாவிலிருந்து 14,000 குழந்தைகளைக் கொண்டுவந்த திட்டத்தின் பாணியில் இன்னொன்று நடத்தலாம் என்றது. அமெரிக்காவுக்கு மட்டும் சில மாதங்களில் 1,100-க்கு மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். வழக்கமாக மூன்று ஆண்டுகளில் போகும் எண்ணிக்கை அது.

தத்துக் கோப்பு முடியும் தறுவாயில் இருந்த குழந்தையை இடிபாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சிக்கல், கோப்பு எந்த நிலையில் இருந்தது என்று சரிபார்க்க வேண்டிய அலுவலகத்தால் அந்த வாரம் வேலை செய்யவே முடியாத நிலை. சேவ் த சில்ட்ரன், வேர்ல்டு விஷன், பிரிட்டன் செஞ்சிலுவைச் சங்கம் மூன்றும் சேர்ந்து புதிய தத்துகளை உடனே நிறுத்தும்படி கேட்டன. ஹைட்டிப் பிரதமர் ழான்-மாக்ஸ் பெல்லெரீவ், தன் கையெழுத்து இல்லாமல் எந்தக் குழந்தையும் தத்துக்காக நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று உத்தரவிட்டார்.

ஒரு நாட்டின் பிரதமர் பேரழிவுக்கு நடுவே உட்கார்ந்து குழந்தை குழந்தையாகக் கையெழுத்துப் போடுவது நிர்வாகக் கோமாளித்தனம் என்று அப்போது சிலர் எழுதினார்கள். நான் அதை அந்த மாதத்தின் உருப்படியான ஒருங்கிணைப்பு முடிவாகப் பார்க்கிறேன். சாவடியில் நின்ற காவலருக்கு வரையறைகள் தெரிய வேண்டியதில்லை, கிளஸ்டர் பட்டியல் தெரிய வேண்டியதில்லை. தாள் இருக்கிறதா என்று கேட்டால் போதும். அந்தப் பத்துப் பேர் சில நாள் முன்பு தலைநகரிலேயே பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றியபோது ஒரு போலீஸ்காரர் தடுத்துத் திருப்பியதாக அப்போது செய்தி வந்தது. டொமினிக்கன் தூதரக அதிகாரியும் ஆவணம் இல்லாமல் போகக் கூடாது என்று எச்சரித்திருந்தார். மால்பாஸில் நிறுத்தியது மூன்றாவது தடை. மூன்றையும் போட்டவர்கள் லாக்பேஸ் கூட்டத்துக்குப் போகாதவர்கள். பிறகு யூனிசெஃப் உதவியோடு சிறார் பாதுகாப்புப் பிரிவுக் காவலர்களை எல்லையிலும் விமான நிலையத்திலும் நிறுத்தியது, இந்தத் தற்செயலை ஏற்பாடாக மாற்றிய வேலை.

கல்பாஸ்

பிப்ரவரி 4-இல் பத்துப் பேர் மீதும் குழந்தைக் கடத்தல், குற்றச் சங்கம் அமைத்தல் என்று வழக்குப் பதிவானது. 17-ஆம் தேதி எட்டுப் பேர் விடுதலையானார்கள். கடைசியாக இருந்த குழுத் தலைவிக்கு மே மாதத்தில், முறையற்ற பயணம் ஏற்பாடு செய்த குற்றத்துக்கு, சிறையில் கழித்த நாட்களே தண்டனையாகத் தீர்ப்பாயிற்று. இந்த இடத்தில் உலகின் கவனம் முடிந்தது.

33 குழந்தைகளின் வேலை அப்போதும் நடந்துகொண்டிருந்தது. பெற்றோர் மறுநாளே வந்து கேட்டார்கள் என்பதற்காக மறுநாளே கொடுக்கவில்லை. பெற்றோர்தாமா என்று சரிபார்த்தார்கள், பிள்ளைகளிடம் தனியாகப் பேசினார்கள். மார்ச் நடுவில்தான் 32 பேர் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். ஆறு வாரம். முன்பு கல்முனையில் ஆன ஏழு வாரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்.

பெரும் பகுதிக் குழந்தைகள் தலைநகருக்கு மேலே மலையில் உள்ள கல்பாஸ் கிராமத்தவர்கள். பத்திரிகையாளர்கள் அங்கே ஏறிப் போனார்கள். யாரும் பிள்ளைகளைத் திருடவில்லை, பெற்றோரே கொடுத்திருந்தார்கள். நீச்சல்குளமும் விளையாட்டுத் திடலும் பள்ளியும் உள்ள இடம் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். போய்ப் பார்க்கலாம் என்றும் சொல்லப்பட்டிருந்தது. தத்து என்ற சொல்லை அங்கே யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

அதன்பின் சட்டங்கள் வந்தன. ஹைட்டி 2013-இல் புதிய தத்துச் சட்டம் இயற்றியது. நாடுகளுக்கிடையிலான தத்து பற்றிய ஹேக் உடன்படிக்கை 2014 ஏப்ரலில் அங்கே நடைமுறைக்கு வந்தது. இல்லங்கள் கணக்கெடுக்கப்பட்டன, சில மூடப்பட்டன.

2010 ஏப்ரலில் தலைநகரப் பள்ளிகள் கூடாரங்களில் மெல்லத் திறக்கத் தொடங்கின. கல்பாஸில் பிள்ளைகள் திரும்பி வந்த வீடுகளில் சிலரிடம், மறுபடியும் யாராவது வந்து கேட்டால் என்ன செய்வீர்கள் என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். கொடுப்போம் என்றார்கள். இங்கே சாப்பிடக் கொடுக்க என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள்.